எட்டு மணி நேர வாடிக்கையாளர்

வணிகப் பெருமக்களுக்கு ஒரு கேள்வி. ஒருவர் காலை எட்டு மணிக்கு நம் ஊருக்கு வருகிறார். மாலை நான்கு மணிக்குப் போய்விடுவார். திரும்ப வருவார் என்ற நிச்சயம் இல்லை. அவர் கையில் பணம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. அவருக்கு நாம் எதை விற்கலாம்?

உல்லாசக் கப்பலில் வரும் பயணியைத்தான் சொல்கிறேன். சரக்குக் கப்பலை நம்பியே பிழைத்த கடற்கரை நம்முடையது. ஆள் கப்பலை நம்பிப் பிழைக்கும் ஊர்களும் உலகில் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு என் மகன் குடும்பத்தோடு கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, துருக்கியின் குஷாடாசியில் ஒரு நாள் இறங்கினேன். அங்கே பார்த்த வியாபார முறை நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

குஷாடாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் எபேசஸ் என்னும் பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. யுனெஸ்கோ 2015-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் பேருந்து. அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். மற்றொன்று, நாமே வாடகைக்கு அமர்த்தும் கார். அது தாமதமானால் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் சில ஊர்களில் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் பலர் தனிக் காரையே எடுக்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். தலைக்குக் கணக்குப் போட்டால் பேருந்தைவிடச் செலவு குறைவு. கூட்டத்தோடு ஓட வேண்டியதும் இல்லை. ஓட்டுநர் முன்பணம் கேட்கவில்லை. திரும்பக் கப்பலடியில் இறக்கிவிட்ட பிறகு கொடுத்தால் போதும் என்றார். கம்பளக் கடை, தோல் கடை என்று எங்கும் நிறுத்துவதில்லை என்பதும் முதலிலேயே பேசி முடிவானது. சுற்றுலா ஊர்களில் இந்தக் கமிஷன் கடைகள் பெரிய தொல்லை. அந்தக் கடைக்காரரும் நம்மைப் போல வியாபாரிதான். ஆனால் எட்டு மணி நேரமே உள்ளவனிடம் ஒரு மணி நேரத்தை இப்படி எடுத்துக்கொண்டால், அவன் மனம் கசந்துதான் ஊர் திரும்புவான்.

எபேசஸ் சரிவான இடம். ஓட்டுநர் எங்களை மேல் வாசலில் இறக்கிவிட்டு, கீழ் வாசலில் வந்து காத்திருந்தார். பெரியவர்களுக்கு மேடு ஏறும் சிரமம் இல்லை. “தாமதமானால் உங்களுக்குக் கப்பல் போகும், எனக்குத் தொழில் போகும்” என்றார். புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே கப்பலடியில் இருந்தோம். பேசிய தொகைக்கு மேலேயே கொடுத்தோம்.

உள்ளே செல்சஸ் நூலகத்தின் முகப்பும், இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கமும் உண்டு. அவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். வியாபாரி பார்க்க வேண்டியது கீழே உள்ள சந்தைச் சதுக்கம். நாலு பக்கமும் கடைகள் இருந்த அடையாளம் இன்னும் தெரிகிறது. அரங்கத்தின் முன்னாலிருந்து ஒரு அகன்ற தெரு துறைமுகத்தை நோக்கிப் போகிறது. ஆனால் அந்தத் தெருவின் முனையில் இன்று கடல் இல்லை, நாணல்தான் நிற்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. துறை போனது, சந்தை போனது, நகரமும் போனது.

அதைக் கண்டதும் கொற்கை நினைவு வராதா? பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையையும் தாமிரபரணி இப்படித்தான் தூர்த்தது. இன்று கடல் சில மைல் தள்ளி நிற்கிறது. கொற்கைக்குப் பின் காயல் துறைமுகமானது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தது இந்தக் காயலைப் பற்றித்தான். அதன் பிறகு தூத்துக்குடி வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் வணிகருக்காக எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடற்பயண நூலில் கொற்கை ‘கொல்கோய்’ என்று வருகிறது. தண்டனைக் கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்ததாகவும் அந்நூல் சொல்கிறது. நம் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ஆம் ஆண்டு.

கொற்கையில் எபேசஸ் போல நிமிர்ந்து நிற்கும் தூண்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே 1968-69-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரி கி.மு. 785-ஐச் சேர்ந்தது என்று கணித்தார்கள். பக்கத்திலேயே அக்கசாலை, அதாவது நாணயம் அடித்த இடத்தின் பெயரைத் தாங்கிய சிற்றூர். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் உள்ள ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் காட்சிக்கூடம் 2023-இல் திறக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து காரில் புறப்பட்டால் எல்லாவற்றையும் பகலுக்குள் பார்த்துத் திரும்பலாம்.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. அந்த ஆண்டுக்குள்ளேயே நின்றும் போனது. உல்லாசக் கப்பல்களோ கொச்சிக்கும் கொழும்புக்கும் வந்து போகின்றன. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். கப்பலை வரவழைப்பது நம் கையில் இல்லை. வந்தவரை நல்லபடியாகத் திருப்பி அனுப்புவது நம் கையில் இருக்கிறது.

அதற்குப் பெரிய முதல் வேண்டாம். நம்பிக்கையான ஓட்டுநர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். பேசிய வாடகையைத் துறைமுக வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பணம் திரும்பிய பிறகே வாங்க வேண்டும். வழியில் சுத்தமான கழிவறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் போன்றவற்றைக் கையில் எடுத்துப் போகும் அளவில் கட்டி, விலை ஒட்டி வைக்க வேண்டும். கடைக்கு வா என்று இழுக்காமல், கேட்டால் மட்டும் காட்ட வேண்டும். இதெல்லாம் கப்பல் பயணிக்கு மட்டுமல்ல, திருச்செந்தூருக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கும் பொருந்தும். அவர்களை வைத்து இன்றே தொடங்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.