இணையத்தளப் பெயரும் முகவரியும்: தமிழ் ஆய்வெழுத்தில் எழுதுமுறை

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தளத்தின் பெயர் தொடரின் உறுப்பாதலின் தமிழ் இலக்கணத்திற்கு உட்படும். முகவரியோ ஓர் எழுத்தும் மாறாது நிற்கவேண்டிய குறித்தொடர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் ஆய்வுக்கட்டுரைகளில் நேரும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் நெறிகளையும் தூத்துக்குடி வட்டாரப் பெயர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இணைய முகவரி, ஒலிபெயர்ப்பு, புணர்ச்சி, ஒருங்குறி, மேற்கோள் நெறி

முன்னுரை

அச்சுநூலை மேற்கோள் காட்டுகையில் பதிப்பிடத்தின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் வாசகர் நூலைக் கண்டடைவார். இணைய முகவரியில் அவ்வாறு இயலாது. ஓர் ஒற்று மிகினும் குறையினும் சான்று கிட்டாது. சரிபார்க்க இயலாத சான்றின்மீது எழும் முடிவு வலுவிழக்கும்.

1. ஊர்ப்பெயரும் உரோமன் எழுத்தும்

ஜி.யு.போப் 1842இல் இறையியல் பள்ளி தொடங்கிய சாயர்புரம், சாயர் என்னும் வணிகர் பெயரால் அமைந்தது. தமிழ் வடிவம் ஒலியைப் பின்பற்ற, உரோமன் வடிவம் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி, தமிழில் தடம் பெறாத ‘டபிள்யூ’வையும் ஏற்றுள்ளது. எனவே ‘சாயர்புரம்’ என்பதைக் கொண்டு அவ்வூர்ப்பெயர் இடம்பெறும் முகவரியை ஊகித்தல் அரிது. தூத்துக்குடிக்கும் ‘டூட்டிகோரின்’ என்னும் பழைய ஆங்கில வடிவம் உட்படப் பல எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றி 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய நிலையில் தளத்தின் பெயரைத் தமிழில் எழுதுதலும், உரோமன் முகவரியை ஒலிபெயர்க்காது உள்ளவாறே தருதலும் தக்கன.

2. வேற்றுமை உருபும் புணர்ச்சியும்

‘விக்கிப்பீடியாவில்’, ‘விக்கிப்பீடியாவைப் பார்க்க’ எனப் பெயர் உருபேற்கும், வல்லினமும் மிகும். முகவரி உருபேற்றல் ஆகாது. உரோமன் முகவரியோடு தமிழ் உருபு சேரின் எழுத்து வேறுபாடே எல்லையைக் காட்டிவிடும். ஆனால் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ்க் களப்பெயர்கள் 2010களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டபின் அவ்வெல்லை மறைந்தது. எடுத்துக்காட்டிற்காக அமைத்த ‘முத்து.இந்தியா’ என்பது ‘முத்து.இந்தியாவில்’ என எழுதப்படின், முகவரி எங்கு முடிகிறது என்பது புலப்படாது. ‘முத்து.இந்தியா என்னும் முகவரியில்’ எனச் சொற்கள் இடையிட்டு எழுதுதலே தீர்வு.

மெய்ப்புத் திருத்துநரும் இங்குக் கருத்தூன்ற வேண்டும். ‘முத்துக்குளித்துறை’, ‘முத்துகுளித்துறை’ இரண்டும் வாசகர்க்கு ஒரே சொல். கணினிக்கு இருவேறு முகவரிகள். பதிவுசெய்தவர் ஒற்றின்றிப் பதிந்திருப்பின், இலக்கணம் கருதி ஒற்றிடுதல் முகவரியையே அழித்துவிடும்.

3. குறியேற்றமும் வரிமுறிவும்

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரியைப் படியெடுத்து ஒட்டுகையில், தமிழ்த்தலைப்பு விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீள்தொடராக மாறுவதுண்டு. ஒருங்குறியில் ‘முத்து’ ஆறு குறியுருக்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகவும் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாகவும் விரிவதால் மொத்தம் 54 குறிகள் ஆகும். இரு வடிவங்களும் ஒரே பக்கத்திற்கே இட்டுச்செல்வதால் அச்சில் தமிழ் வடிவத்தைத் தருவதே படிப்பவர்க்கு எளிது.

வரியிறுதியில் முகவரியை முறிக்க நேரின் இணைப்புக்கோடு சேர்த்தலாகாது; அக்கோடு முகவரியின் பகுதியாகக் கொள்ளப்படும். முகவரியிலுள்ள புள்ளி முற்றுப்புள்ளியாக மயங்காதிருக்க, அதற்கு முன்னரே முறித்து, புள்ளியை அடுத்த வரியின் முதலில் அமைத்தல் நன்று. 2005இல் வெளியான முகவரித் தொடரமைப்புக்கான இணையத் தரநிலை, முகவரியைக் கோண அடைப்பிற்குள் இடுவதைப் பரிந்துரைக்கிறது. தொடரின் முற்றுப்புள்ளியை அடைப்பிற்கு வெளியே இட இது உதவும்.

4. பார்வையிட்ட நாள்

நிறுவனப் பெயர்களும் நிலையானவை அல்ல. தூத்துக்குடித் துறைமுகம் 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. பெயர் மாறுங்கால் முகவரியும் மாறக்கூடும். ஆகவே ஆசிரியர், பக்கத்தலைப்பு, தளப்பெயர், முகவரி ஆகியவற்றோடு பார்வையிட்ட நாளையும் குறித்தல் வேண்டும். முகவரி செயலிழப்பினும் ஏனைய விவரங்களைக் கொண்டு சான்றைத் தேட இயலும்.

முடிவுரை

பெயர் வாசகர்க்கு உரியது. முகவரி கணினிக்கு உரியது. முன்னதைத் தமிழ் மரபுப்படி எழுதுதலும், பின்னதை உருபும் ஒற்றும் சேர்க்காது, ‘என்னும் முகவரியில்’ போன்ற தொடரால் தாங்கி நிறுத்துதலும் அடிப்படை நெறிகளாகும். தமிழ் எழுத்திலேயே முகவரிகள் பெருகுந்தோறும் இவ்வேறுபாட்டைப் பேணும் பொறுப்பு ஆய்வாளர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் கூடுகிறது.