பெட்டியின் முன்வாசல் அடைத்துக்கொண்டால்...

கேரளத்தில் சமூக நலப் பென்ஷன் வாங்குவோர், தாங்கள் உயிருடன் இருப்பதைக் காட்ட அட்சயா மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். 'மஸ்டரிங்' என்பது இதற்குப் பெயர். அட்சயா 2002-ல் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய திட்டம். வண்டிப்பெரியாறு, மறையூர் பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து ஜீப்புக்குக் காசு கொடுத்து இறங்கி வருகிறார் ஒரு மூதாட்டி. "மிஷின் எடுக்கலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்று பதில் கிடைத்தால் அவர் என்ன செய்வார்?

கைரேகைக் கருவி நன்றாகவே இருக்கும். கோளாறு, அதைச் செருகிய துளையில் இருக்கலாம்!

சி.பி.யு. பெட்டியின் பின்பக்கத்து யு.எஸ்.பி. துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்துத் துளைகள் அப்படியல்ல. அவை பெட்டியின் முகப்பில் உள்ள ஒரு சிறு போர்டில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு கேபிள் உள்ளே ஓடி, மதர்போர்டில் நிற்கும் சின்னஞ்சிறு ஊசிகளில் மாட்டிக்கொள்கிறது. மலிவான பெட்டிகளில் இந்தக் கேபிள் மிக மெல்லியது. நாள் முழுவதும் செருகிப் பிடுங்கும் அடியை வாங்குவதும் இந்த முன்வாசல்தான்.

ஊரும் தன் பங்கைச் செய்கிறது. இடுக்கி மலையில் ஜூன் முதல் மழையும் பனிமூட்டமும். செம்பில் களிம்பு ஏறுகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும். தூசி துளைக்குள் போய் உட்காரும்.

முதலில் செய்ய வேண்டியது, அதே கருவியைப் பின்பக்கத் துளையில் செருகிப் பார்ப்பது. அங்கும் எடுக்கவில்லை என்றால் கருவியையோ, விண்டோஸையோ பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தால் பழுது முன்வாசலில்தான். முன்னால் உள்ள இரண்டில் ஒன்று மட்டும் செத்திருந்தால், அந்தத் துளையைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒன்றாகச் செத்திருந்தால் கேபிள் கழன்றிருக்கக்கூடும். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே இணைப்புதான்.

பென் டிரைவை ஏற்கும் துளை, வெளி ஹார்டு டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டுப் பிடிப்பதும் உண்டு. யு.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துளைக்கு 900. மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் குறைந்துபோனால் டிஸ்க் தடுமாறும்.

சில கம்ப்யூட்டர்களில் ஸ்விட்சைப் போட்டதும், 'யு.எஸ்.பி. டிவைஸ் ஓவர் கரண்ட்' என்று திரையில் எழுத்து வரும். 15 வினாடியில் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். பலரும் பயந்துபோவது இங்கேதான். "மதர்போர்டு போச்சு" என்ற பேச்சுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், முன்பக்கத்து யு.எஸ்.பி. கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம். அந்த எழுத்து வராவிட்டால், துளைக்குள் தகடு வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைகீழாக வைத்து அழுத்துகிறவர்களால் வரும் வினை இது. (எப்படிச் செருகினாலும் பொருந்துமாறு இதைச் செய்திருக்கக் கூடாதா? செலவு கூடும் என்று அன்று விட்டதாக, இதை உருவாக்கிய இன்டெல் குழுவின் முக்கியஸ்தர், பரோடாவில் படித்த அஜய் பட் சொல்லியிருக்கிறார்.)

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். பிறகு பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்வது நல்லது. வறண்ட காற்றுக் காலத்தில் உடம்பில் ஏறும் நிலைமின்சாரமே சில்லைக் கொல்லும்.

யு.எஸ்.பி. 2.0 கேபிள் மாட்டும் இடத்தில் 9 ஊசிகள் இருக்கும். ஒரு வரிசையில் ஐந்து, மறு வரிசையில் நான்கு. ஊசி இல்லாத மூலைக்கு நேராகக் கேபிளின் அடைபட்ட ஓட்டை வர வேண்டும். பக்கத்திலேயே ஹெட்போனுக்கான ஆடியோ இணைப்பும் இதே சாயலில் நிற்கும். அதில் ஊசி இல்லாத இடம் வேறு. மாற்றி அழுத்தினால் 5 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். 3.0 கேபிளுக்கு 19 ஊசிகள். இறுக்கமாக இருக்கும் அதை ஆட்டிப் பிடுங்கினால் ஊசிக்கட்டே பெயர்ந்து வரும்; பக்கவாட்டில் பிடித்து நேராகவே இழுக்க வேண்டும்.

துளையைக் குண்டூசியாலோ பிளேடாலோ சுரண்டுவது கூடவே கூடாது. தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும். களிம்புக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ். நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட்.

துளையே உடைந்திருந்தால், அந்தப் பெட்டிக்கேற்ற முகப்புப் போர்டு எளிதில் கிடைக்காது. அதற்காகக் குமுளியிலிருந்து தேனிக்கோ, சித்தூரிலிருந்து கோவைக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. பின்பக்கத் துளையில் ஒரு நீட்டிப்புக் கேபிளைச் செருகி, மேஜை மேல் கொண்டுவந்து கட்டிவிட்டால் கைரேகை வைக்கலாம். யு.எஸ்.பி. 2.0-வுக்கு, கருவியின் சொந்த வயரையும் சேர்த்து மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.