பழைய வால்வு முன்பெருக்கி: எதை மாற்றலாம்? எதற்கு அஞ்ச வேண்டும்?

இசைத்தட்டுகளைத் தேடி வாங்கும் சிலர், 60 ஆண்டுகளுக்கு முந்தைய வால்வு முன்பெருக்கியையும் வாங்கி, அதில் புதிய பாகங்களைப் பொருத்தி இசை கேட்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறந்தால் உங்கள் இயற்பியல் பாடம் அப்படியே உள்ளே இருக்கும்.

வால்வு என்ன செய்கிறது?

இசைத்தட்டின் ஊசி தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அதை முதலில் பெரிதாக்கி, அடுத்த பெருக்கிக்கு அனுப்புவதே முன்பெருக்கியின் வேலை. அமெரிக்காவின் டைனகோ நிறுவனம் 1960களில் விற்ற பி.ஏ.எஸ்-3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 12ஏஎக்ஸ்7 வகை வால்வுகள் நான்கு உள்ளன.

வால்வுக்குள் காற்று இல்லை. சூடேறிய கேதோடு எலெக்ட்ரான்களை வெளியிடும். அனோடு அவற்றை ஈர்க்கும். இடையில் உள்ள கம்பிவலை தண்ணீர்க் குழாயின் திருகு போன்றது. அதன் மின்னழுத்தம் சிறிது மாறினாலே எலெக்ட்ரான் ஓட்டம் பெரிதும் மாறும். அனோடு வேலை செய்ய 300 வோல்ட் அளவில் நேர் மின்னோட்டம் தேவை.

முதலில் மூப்படைவது எது?

வால்வு கெட்டால் கழற்றி வேறொன்றைச் செருகிவிடலாம். சத்தமில்லாமல் கெடுவது மின்தேக்கிதான். மின்பகு வகை மின்தேக்கிக்குள் இருக்கும் ஈரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்துபோகிறது. அப்போது அது மின்சாரத்தைச் சீராக்கும் திறனை இழக்கிறது. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; முழு அலையாகத் திருத்தப்பட்டதும் அது 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமாகிறது. இசைக்குப் பின்னால் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் இதுதான். எனவே இந்த மின்தேக்கிகளை மாற்றுவதே முதல் வேலை.

அடுத்தது செலினியத் திருத்தி. வால்வுகளைச் சூடாக்கும் மின்சாரத்தைத் திருத்துவது இதுதான். எரிந்தால் நச்சுப் புகை வரும் என்பதால் சிலிக்கன் டையோடைப் பொருத்துவார்கள். ஆனால் சிலிக்கனில் மின்னழுத்த இழப்பு குறைவு; வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் கூடிவிடும். ஒரு வால்வுக்குத் தேவை 12.6 வோல்ட், 0.15 ஆம்பியர். அதற்கு 14.1 வோல்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். மிகுதி 1.5 வோல்ட். ஓம் விதிப்படி 1.5-ஐ 0.15-ஆல் வகுத்தால் 10 ஓம். அந்த மின்தடையைத் தொடராக இணைத்தால் போதும். ஒரு பாகத்தை மாற்றினால் மற்றொன்றையும் கணக்கிட வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

செருகியைப் பிடுங்கினாலும் ஆபத்து!

மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் 300 வோல்ட் உள்ளே தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதனால் தொழில்நுட்பர்கள் மின்தேக்கியின் இரு முனைகளையும் ஒரு மின்தடை வழியாக இணைத்து, மின்னூட்டத்தை மெல்ல வெளியேற்றுவார்கள். 40 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 1 லட்சம் ஓம் மின்தடை என்றால், இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் நேர மாறிலி 4 விநாடி. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 20 விநாடியில், 300 வோல்ட் ஏறத்தாழ 2 வோல்ட்டாக இறங்கிவிடும். அப்படியும் அவர்கள் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்க மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. மலேசியா, சிங்கப்பூரில் 230 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் செருகினால் கருவி கருகிவிடும்.

வீட்டில் இப்படிப் பழைய கருவி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். அனுபவமுள்ள தொழில்நுட்பரிடம் கொடுங்கள். அவர் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, ஒலியைக் கேட்டுப் பார்ப்பார். எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பது அப்போதுதான் தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.