வாசனைத் தைலங்கள்: வீட்டில் பாவிக்குமுன் அறிய வேண்டியவை

யாழ்ப்பாண வீடுகளின் மருந்துத் தட்டில் இரு வகைத் தைலங்கள் அருகருகே இருப்பதுண்டு. ஒன்று, சித்த வைத்தியர் மூலிகைகளை நல்லெண்ணெயில் காய்ச்சி வடித்துக் கொடுப்பது. மற்றது, யூக்கலிப்டஸ், கராம்பு, கறுவா போன்றவற்றிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கும் வாசனைத் தைலம். முன்னையதைக் கை நிறைய எடுத்து உடம்பில் தேய்ப்பதே வழக்கம். பின்னையதைத் துளிக்கணக்கில், அதுவும் வேறொரு எண்ணெயில் கலந்துதான் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணும் இடத்திலேயே ஆபத்து தொடங்குகிறது.

வாசனைத் தைலங்களுக்கான கைநூல்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. இன்ன நோய்க்கு இன்ன தைலம் என்று பட்டியல் போடும் நூலை விட, உச்ச அளவையும் விலக்க வேண்டியவர்களையும் சொல்லும் நூலே நம்பத்தக்கது. இவ்வகையில் றொபேட் ரிசராண்ட், றொட்னி யங் இருவரும் எழுதிய பாதுகாப்பு நூலின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு பரவலாக எடுத்தாளப்படுகிறது. தோலில் பூசுவதற்கு அது தரும் உச்ச அளவு கறுவாப்பட்டைத் தைலத்துக்கு 0.07 வீதம், கறுவா இலைத் தைலத்துக்கு 0.6 வீதம். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்று கொண்டால், 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் பட்டைத் தைலம் ஒரு துளி, இலைத் தைலம் 12 துளி. இரண்டும் ஒரே மரத்திலிருந்து வருபவை. ஆனால் பட்டையில் மிகுந்திருப்பது தோலைக் கடுமையாக உறுத்தும் சினமல்டிகைட். இலையில் மிகுந்திருப்பது யூஜினோல். ஆகவே தாவரத்தின் அறிவியற் பெயர், எடுக்கப்பட்ட பகுதி, செறிவு ஆகிய மூன்றும் போத்தலின் சுட்டியில் இல்லையென்றால், கைநூலின் எந்த அளவையும் அந்தப் போத்தலுக்குப் பொருத்த முடியாது.

குழந்தைகளின் காரியத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தடிமன் பிடித்த பிள்ளையின் நெஞ்சில் கற்பூரம் கலந்த சுடு தேங்காயெண்ணெய் தடவுவது பழைய பழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். அளவு மிஞ்சினால் வலிப்பைக் கொண்டுவரும். ஏறத்தாழ ஒரு கிராமை விழுங்குவதே சிறு பிள்ளையின் உயிரைப் பறிக்கப் போதும். அமெரிக்காவில் மேற்பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவு 11 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1980களிலேயே வரையறுத்தார்கள். கோயிலுக்கு வாங்கும் கற்பூரம் மருந்தே அல்ல. வெள்ளைக் கட்டி பிள்ளையின் கண்ணுக்கு இனிப்பாகவே தெரியும். அதையும் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

யூக்கலிப்டஸ் தைலத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். முகர்ந்ததாலேயே வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு மருத்துவர்கள் 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். வேது பிடிக்கும் பெரியவர்களும் வலிப்பு நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் வெறும் நீராவியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தலையிடித் தைலங்கள் பலவற்றில் இருக்கும் மெதைல் சலிசிலேற்று அஸ்பிரினின் உறவுப் பொருள். அது தனியாக ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனால், ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் மருந்தை எடுக்கும் இருதய நோயாளர் அத்தைலங்களை நெடுநாள் பூசினால் இரத்தக்கசிவு வரலாம் என்பதையும் மறக்கலாகாது.

பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. வாந்தியோடு மேலேறும் தைலம் சுவாசப்பையில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். பால் கொடுப்பதும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்த வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதோ, வாய்க்குள் கரண்டி வைப்பதோ கூடாது. 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் இயங்கும், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இலவசம். போத்தலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதன் சுட்டியே வைத்தியருக்கு முதல் தகவல். ஐயங்களைக் கேட்டறியக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தோலில் எரிவு எடுத்தால் முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பின்பு சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

சுட்டியில் விபரம் இல்லாத போத்தலை விற்பவரிடம் கேள்வி கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. பொருள் தரத்துக்கு ஒவ்வாததென்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். சித்த மருந்தென்று விற்கப்படும் தைலத்தில் ஐயம் எழுந்தால் கைதடி சித்த போதனா வைத்தியசாலை வைத்தியர்களிடம் போத்தலைக் காட்டிக் கேட்கலாம். பற்றுச்சீட்டையும் போத்தலையும் எறிந்துவிட்டால் முறைப்பாட்டை நிறுவுவது கடினம். தைலம் தீரும்வரையாவது இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.