கைக்குத் தெரியாத மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்



தேயிலை ஸ்டோரில் நார் பிரிக்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். உரசிச் சுழலும் பிளாஸ்டிக் உருளை, தேயிலையிலிருந்து நாரையும் காம்பையும் இழுத்தெடுக்கும். இழுப்பது உரசலில் உண்டாகும் நிலைமின்சாரம்.

இதுவே போன் திருத்தும் மேசையில் கெடுதல் செய்யும். கண்டி டவுனில் அந்த வேலை பழகும் நம் பிள்ளைகள் இதை அறிய வேண்டும். உடம்பில் சுரீர் என்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். போனின் சில பாகங்களோ 100 வோல்ட்டிலேயே பழுதாகும். கைக்கு ஒன்றும் தெரியாது, போன் செத்துவிடும், பழி பிள்ளை மேல் விழும்.

அதைக் காட்டுவதுதான் நிலைமின் மீட்டர். பாவிக்கும் முறை:

1. பெட்டரியைச் சரிபார்த்து மீட்டரைப் போடுங்கள்.

2. அதன் எர்த் வயரை, கடையில் முறையாக எர்த் செய்த இடத்தில் மாட்டுங்கள். பிளக் ஓட்டைக்குள் கம்பி செருகவே கூடாது.

3. எர்த் செய்த இரும்புத் தகட்டுக்கு நேரே பிடித்து, பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள்.

4. பிறகு பார்க்கவேண்டிய பொருளுக்கு நேரே பிடியுங்கள். பெரும்பாலான மீட்டர்களுக்கு ஒரு அங்குல தூரம். கிட்டப் போனால் கூட்டிக் காட்டும். தள்ளினால் குறைத்துக் காட்டும்.

5. கிலோவோல்ட் கணக்கில் 0.10 என்றால் 100 வோல்ட்.

கூடக் காட்டும் பிளாஸ்டிக் தட்டு, பொலித்தீன் பை போன்றவற்றை மேசையை விட்டு அகற்றுங்கள். மணிக்கட்டில் எர்த் பட்டி கட்டுங்கள். மழை குறைந்த தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும். அப்போது இன்னும் கவனம்.

மீட்டர் இருந்தால் முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிள்ளைகளே. தொழில் பழகுகிறவர் கேட்பதில் வெட்கமில்லை.