போனதும் போக்கியதும்

கதிர் பால் பிடிக்கும் காலத்தில் கரைவாகு வட்டைக்குப் பள்ளிச் சிறுவர்களாகிய எங்களை அனுப்புவது அந்நாள் வழக்கம். கையிலே ஒரு பழைய தகரமும் ஒரு கம்பும் இருக்கும். "குருவியைக் கலைடா" என்று வாப்பா வரம்பிலிருந்து குரல் கொடுப்பார். நாங்கள் தகரத்தைத் தட்டுவோம். குருவிகள் பக்கத்து வயலுக்குப் போகும். அங்குள்ள பையன்கள் மீண்டும் எங்களிடமே அனுப்பி வைப்பார்கள்.

இந்தக் 'கலைத்தல்' என்னும் சொல்லை இந்திய நண்பர் ஒருவரிடம் பின்னாளில் சொன்னபோது அவர் வியந்தார். அவர்களுக்குக் கூட்டம் கலையும், மேகம் கலையும். நாயைக் கலைப்பது அவர்கள் அறியாதது. அவர்கள் நாயை விரட்டுவார்கள், காக்கையை ஓட்டுவார்கள். சங்கப் புலவர்களோ தினைப்புனத்துக் கிளியைக் கடிந்தார்கள், புள்ளை ஓப்பினார்கள். ஒரு குருவியைத் துரத்துவதற்கு இத்தனை வினைச்சொற்கள் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

ஆங்கிலம் கற்பிப்பது என் தொழிலாயிற்று. 'கலை' என்பதற்கு ஒரே சொல் கேட்ட மாணவனுக்கு 'ட்ரைவ் அவே' என்றேன். "அது இரண்டு சொல்லல்லவா?" என்றான். உண்மைதான். 'அவே' என்ற வாலை நறுக்கிவிட்டால் எஞ்சுவது வண்டியோட்டுவதுதான்! ஆங்கிலத்தின் வீட்டுச் சொற்கள் இப்படி வாலோடு நிற்க, இலத்தீனிலிருந்து வந்த சொற்கள் உத்தியோக உடுப்போடு வருகின்றன. 'எக்ஸ்பெல்', 'டிஸ்பெல்', 'ரிபெல்' மூன்றிலும் தள்ளுதல் என்ற ஒரே வேர். 'பேனிஷ்' என்பதன் வேர் பறையறைந்து அறிவித்தல். 1882 இல் ஆங்கிலேயரிடம் தோற்று, மறு ஆண்டு நம் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா இந்தச் சொல்லுக்கு இலக்காகியவர். அவர் இந்நாட்டு முஸ்லிம்களின் கல்விக்கு ஊக்கமளித்து, 1901 இல் தாயகம் திரும்பினார். திரும்பி வருவதற்கு அச்சொல்லில் இடமிருந்தது. 'எலிமினேட்' என்பதிலும் முதலில் இருந்தது. வாசற்படிக்கு வெளியே தள்ளுதல் என்பதே அதன் மூலப்பொருள். எல்லைக்கு அப்பால் துரத்துவதே 'எக்ஸ்டேர்மினேட்'. இன்று அவ்விரு சொற்களின் வாயிலும் இரத்தம் இருக்கிறது. வெளியே தள்ளப்பட்டவன் உயிரோடு எங்கோ இருக்கிறான் என்ற நினைப்பு எந்த நூற்றாண்டில் கழன்று விழுந்ததோ!

நிற்க. தமிழின் தனிச்சிறப்பு வேறொன்று. ஓடு, ஓட்டு, நீங்கு, நீக்கு, அகல், அகற்று, போ, போக்கு. ஓர் ஒற்று இரட்டிக்கிறது, அல்லது மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. உடனே தானாக நடந்த செயலுக்குள் ஒருவன் வந்து நின்றுவிடுகிறான். தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டனர். அவர்கள் வெளியேறினார்களா, வெளியேற்றப்பட்டார்களா? வேறுபாடு ஓர் ஒற்றெழுத்து. 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதும் அறிக்கைகளைக் காணும்போதெல்லாம், பருவம் மாறியதால் பறந்துபோன கொக்குகளைப் பற்றிப் படிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஆனால் நானும் அதே பிழையைச் செய்தவன். அதே 1990 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மனு எழுதித் தரும்படி ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவர் எந்தச் சமூகத்தவர் என்பதை எழுதப் போவதில்லை. அக்காலத்தில் இரு சமூகத்தாரும் அத்தகைய தாள்களோடு என் திண்ணையில் அமர்ந்ததுண்டு. மகன் பெயர், வயது எல்லாம் கேட்டு, அவன் 'மிஸ்ஸிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி, தமிழிலும் சொன்னேன்: "உங்கள் மகன் காணாமற்போயுள்ளார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சேர், அவன் எங்கயும் போகல்ல. கொண்டு போனாங்க."

யார் என்று கேட்டேன். சொன்னார். எழுதட்டுமா என்றேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வீட்டில் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். இறுதியில் 'கொண்டு செல்லப்பட்டார்' என்று எழுதினேன். செயப்பாட்டுவினை எதற்கு உதவும் என்பதை அன்றுதான் நான் கற்றேன். செய்தவன் இருக்கிறான் என்று அது சொல்லும். அவன் பெயரைச் சொல்லாது.

ஆங்கிலமும் இவ்விடத்தில் தடுமாறிய மொழியே. 'டிஸ்அப்பியர்' என்பது தானாக மறைதல். அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லர் 1961 இல் வெளியிட்ட 'கேட்ச்-22' நாவலில், ஓர் ஆளை 'டிஸ்அப்பியர்' செய்யப் போகிறார்கள் என்று ஒருத்தி சொல்ல, கேட்பவன் இது நல்ல இலக்கணம்கூட அன்றே என்று திகைக்கிறான். 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவில் நடந்த இராணுவ ஆட்சி அந்தப் பிழையை உலக வழக்காக்கிவிட்டது. தமிழில் நமக்கு வாய்த்தது 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்பது. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகம் 'காணாமற்போன ஆட்கள்' என்றே தன் பெயரில் எழுதிக்கொண்டது. வீதியோரம் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இலக்கணம் தாய்மார் பக்கமே.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக்குப் பின்னர், மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டு சென்றவர்களுக்காக அதே 'மிஸ்ஸிங்' என்ற சொல்லை எத்தனையோ தாள்களில் எழுதினேன். அப்போது என் பேனா தயங்கவில்லை. கடலை யாரிடம் முறையிடுவது? ஆனால் இரண்டு வகைத் தாள்களும் ஒரே அலமாரியில், ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணியபோது மட்டும் மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தாய் மறுபடியும் வந்தார். முதுமை முதுகை வளைத்திருந்தது. ஆள் இறந்தார் என்று கூறாமல், காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டதல்லவா? அது பற்றிய படிவமொன்று அவர் கையில் இருந்தது. காணாமற்போன திகதி எது என்று வாய்விட்டுப் படித்தேன்.

"கொண்டு போன திகதிய எழுதுங்க, சேர்" என்றார்.

எழுதினேன்.