தாத்தாவின் புல்லட்

கொல்கத்தா நகரின் தெற்கே டாக்குரியா என்ற பகுதி இருக்கிறது. சியால்தாவிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் இங்கே நின்று போகும். பக்கத்தில் பெரிய ஏரி ஒன்று உண்டு. முன்பு அதை டாக்குரியா ஏரி என்றார்கள். 1958-ல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் வைத்தார்கள்.

டாக்குரியாவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வேலைக்காக அங்கே போனவர். அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய புல்லட் மோட்டார் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. முழங்கால் வலியால் பத்து வருஷமாக அவர் அதை ஓட்டவில்லை. இப்போது அவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

பேரனுக்கு வயது 19. இதுவரை அவனுக்குச் சொந்த வண்டி கிடையாது.

"பாட்டி, தாத்தா வண்டியை நான் எடுத்துக்கட்டுமா? சரி பண்ணி ஓட்டுறேன்" என்று கேட்கிறான்.

"எடுத்துக்கோ கண்ணா. ஆனா முதல்ல அது நிக்குதான்னு பாரு. அப்புறமா ஓடுதான்னு பாரு" என்கிறார் பாட்டி.

பாட்டி சொன்னது சரியான பேச்சு. பழைய வண்டியை வாங்கியவுடன் பலர் பெயின்ட் அடிக்கிறார்கள். வண்டி பளபளக்கும். ஆனால் பிரேக் பிடிக்காது. வண்டியைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதம். அடுத்து எஞ்சின். அதன் பிறகு பிரேக், டயர். பெயின்ட் கடைசியில்தான்.

சென்னையில் பிறந்த வண்டி

புல்லட் முதலில் இங்கிலாந்து நாட்டு வண்டி. எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் அதை வாங்கியது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் சென்னையில் புல்லட் தயாரிப்பு நிற்கவில்லை. சென்னையில் செய்த வண்டிகள் நாடு முழுவதும் போயின. சுமார் 1,660 கிலோமீட்டர் தாண்டிக் கொல்கத்தாவுக்கும் போயின.

பழைய புல்லட் கனமான வண்டி. 160 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் பாகங்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் எளிது. உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. கொல்கத்தாவில் மல்லிக் பஜார் பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற இடம். எங்கே வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத பாகம் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

முதல் வேலை காகிதம்

வண்டி தாத்தாவின் பெயரில் இருக்கிறது. வீட்டு வண்டிதானே என்று பேரன் அப்படியே ஓட்டக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாளுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இதற்கு உள்ள படிவம் 31-ஆம் எண் படிவம். இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான சான்று, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் ஆகியவை தேவை. மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் சண்டை வராது.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 25. வண்டியை அலுவலகத்தில் காட்ட வேண்டும். வரி பாக்கி இருந்தால் கட்ட வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எஞ்சின் எண். மற்றொன்று சேசிஸ் எண். சேசிஸ் என்பது வண்டியின் இரும்புச் சட்டம். இதே எண்களை எஞ்சின் மீதும் சட்டத்தின் மீதும் பொறித்திருப்பார்கள். பாட்டி புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார். பேரன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வண்டியில் உள்ளதைச் சரிபார்க்கிறான். ஓர் எழுத்து மாறினாலும் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும். சட்டத்தில் விரிசலோ வளைவோ இருக்கிறதா என்றும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சட்டம் கெட்டிருந்தால் அந்த வண்டியை ஓட்டும் ஆசையை விட்டுவிடலாம்.

உடனே உதைக்கக் கூடாது

பத்து வருஷம் நின்ற வண்டியை உடனே உதைத்துக் கிளப்பக் கூடாது. ஏன்? கொல்கத்தாவில் காற்றில் ஈரம் அதிகம். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதைச் சுற்றி வளையங்கள் உண்டு. துருப்பிடித்த நிலையில் பலமாக உதைத்தால் வளையங்கள் உடையலாம். சிலிண்டரில் கீறல் விழலாம்.

எனவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட வேண்டும். ஓர் இரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டன் அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் மெக்கானிக்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

பழைய ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கும், கியர் பெட்டிக்கும், செயின் பெட்டிக்கும் தனித்தனி ஆயில். மூன்றையும் மாற்ற வேண்டும்.

டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் பிசின் போல ஆகியிருக்கும். அதை வெளியில் வைத்துத்தான் வடிக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. டேங்கின் உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டரின் சின்னத் துளைகளில் அடைத்த பிசினையும் எடுக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போடுவது நல்லது.

எஞ்சின் கிளம்பும்போது வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு மணம் கிடையாது, நிறமும் கிடையாது. மாடிப்படி அடியிலோ மூடிய அறையிலோ எஞ்சினை ஓட விட்டால் உயிருக்கே ஆபத்து.

நிற்கிற வண்டிதான் நல்ல வண்டி

பழைய புல்லட்டில் சக்கரத்தின் நடுவே டிரம் பிரேக் இருக்கும். டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூக்கள் உண்டு. பிரேக்கைப் பிடித்தால் அவை விரிந்து டிரம்மில் உரசும். சக்கரம் நிற்கும். ஷூ தேய்ந்தாலும், அதில் எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது. ஷூ, கேபிள் இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.

பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரலாம். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதக் கூடாது. காற்று பம்பாலும் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும்.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கலாம். ஆனாலும் ரப்பர் வயதாகி வெடித்திருக்கும். டயரின் வயதை அதிலேயே படிக்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முன் செய்தது. அந்த டயரில் ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் டியூபையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கால் மாறும் ஆபத்து

பழைய புல்லட்டில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்றைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிற்காலப் புல்லட்களில் இது மாறிவிட்டது.

நண்பனின் வண்டியில் பழகிய பேரன் இதில் ஏறினால் என்ன ஆகும்? குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. அவன் பதறி வலது காலை அழுத்துவான். பிரேக் பிடிக்காது. கியர் மாறிவிடும். வண்டி நிற்காமல் போகும்.

அதனால் அவன் இந்த வண்டியிலேயே காலி மைதானத்தில் பல நாள் பழக வேண்டும். இடது கால் தானாகவே பிரேக்குக்குப் போகும் வரை தெருவுக்கு வரக் கூடாது. கியரை முதலுக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இதையும் மனம் மறக்காமல் பழக வேண்டும்.

கிக் அடிப்பதிலும் கவனம் தேவை. பிஸ்டன் சரியான இடத்தில் இல்லாமல் உதைத்தால், கிக்கர் திரும்பி வந்து காலில் அடிக்கும். எலும்பே முறியலாம். இதைத் தடுக்க ஹேண்டிலில் டிகம்ப்ரஷன் என்ற சின்ன லீவர் உண்டு. சாவியைப் போட்ட பிறகு அதைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அப்போது லீவரை விட வேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே சீராக முழுவதும் உதைக்க வேண்டும். காலில் ஷூ கட்டாயம்.

தெருவுக்கு வருமுன்

கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். முதலில் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். 30 நாள் கழித்து ஓட்டுநர் உரிமத்துக்கு வண்டி ஓட்டிக் காட்டலாம். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்.

எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். பணமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அவசரம் வேண்டாம். பணம் போதாவிட்டால் பெயின்ட் காத்திருக்கட்டும். பிரேக் காத்திருக்கக் கூடாது.

ஒரு நாள் காலை பேரன் வண்டியை வாசலில் நிறுத்துகிறான். பாட்டி இன்னும் உரிந்து கிடக்கும் பழைய பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்.

"நிக்குதா?" என்கிறார்.

"நிக்குது பாட்டி."

"அப்போ போயிட்டு வா."

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டு வண்டி யார் பெயரில் இருக்கிறது? ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படியுங்கள்.
2. வண்டியின் டயரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். அது எந்த ஆண்டு செய்த டயர்?
3. நீண்ட நாள் நின்ற வண்டியை ஏன் உடனே உதைக்கக் கூடாது? பக்கத்தில் உள்ளவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.